கரிவட்டம் இல்லாத நீலம்

படிக்கின்ற அன்பரே, சொல்லத் தொடங்குமுன் உங்களைச் சாட்சியாக நிறுத்திக்கொள்ள அனுமதி தாருங்கள். போடிமெட்டுக்கு அப்பால், ஏலத்தோட்டம் ஒன்றின் சரிவில், வட்டமான சிமென்டுத் தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் விளிம்பிலிருந்து நான்கு விரற்கடை கீழே, உட்சுவரில், ஒரு சாண் நீளத்துக்கு ஒரு நீலக்கோடு. வில்லைப்போலச் சற்றே வளைந்தது. தொடக்கமும் முடிவும் மெலிந்து, நடுவில் தடித்தது. துரிசையும் சுண்ணாம்பையும் கலந்து ஏலச்செடிகளுக்குத் தெளிப்பார்களே, அந்த மருந்தின் நிறம். சிமென்டில் ஒருமுறை பற்றிவிட்டால் எத்தனை மழைக்கும் எளிதில் விடாது. நீங்கள் என்னோடு அந்த விளிம்பில் நின்று குனிந்து பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மருந்து தெறித்த கறையா, சக்கரம் உரசிச் சென்ற தடமா? பதில் சொல்ல அவசரம் வேண்டாம். அவசரப்பட்ட ஒருவனைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அவன் நான்தான்.

அந்தக் கோட்டுக்கு உரியவர் என் அத்தை மகன். ஊர் சிலமலை, வேலை போடிநாயக்கனூரில், மலைக்குப் போய்வரும் ஜீப்புகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில். என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் அவரை மச்சான் என்பேன். அவர் என்னை மாப்ளே என்பார். உறவைத் தவிர எங்களுக்குள் வேறு ஒற்றுமையைத் தேடினாலும் கிடைக்காது. நான் அப்போது கல்லூரி மாணவன். சுற்றுவட்டாரத்தில் எங்கே பேச்சுப் போட்டி என்றாலும், கஞ்சி போட்டு மொடமொடத்த வெள்ளை வேட்டியோடு மேடையில் ஏறிவிடுகிறவன். குரலை எங்கே தாழ்த்த வேண்டும், எந்த இடத்தில் மூன்று நொடி மௌனம் காத்தால் கைதட்டல் தானாக எழும் என்பதையெல்லாம் கண்ணாடி முன் நின்று பழகியிருந்தவன். மச்சானோ பேச்சில் பெருஞ்சிக்கனக்காரர். வண்டியில் என்ன கோளாறு என்று டிரைவர் கேட்டால் வாயால் விளக்கமாட்டார்; பழுதான சாமானைக் கழற்றி, துடைத்து, கேட்டவர் கையில் வைத்து, "பாரு" என்பார். அந்த ஒரு சொல்லின் கனம் எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடைக்காலம். பட்டறைக்கு வந்த சாமான் ஒன்றைச் சுற்றியிருந்த பழைய ஆங்கிலப் பத்திரிகைத் தாளை மச்சான் இரண்டு நாள் பத்திரமாக மடித்து வைத்திருந்து, மூன்றாம் நாள் என்னிடம் நீட்டினார். அதில் ஒரு படம். தண்ணீர் வடித்த நீச்சல் குளம். அதன் வளைந்த சுவரில், சக்கரம் பொருத்திய சிறு பலகையின் மேல், கைகளை விரித்தபடி ஒரு வெள்ளைக்கார வாலிபன் ஏறிக்கொண்டிருந்தான். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். என் ஆங்கிலத்தைக் காட்டக் கிடைத்த வாய்ப்பை விடாமல், இத்தகைய குளங்களைத் தேடி அந்த நாட்டு இளைஞர்கள் ஊர் ஊராகப் பயணம் செய்கிறார்கள் என்றும், யார் உயரம் ஏறுவது என்று போட்டி நடத்துகிறார்கள் என்றும் நான் நீட்டி முழக்கி விளக்கினேன். அவர் படத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டுவிட்டு, "நம்ம மலையில தண்ணியில்லாத தொட்டி எத்தன கெடக்கு" என்றார். அவ்வளவுதான். எங்கள் கோடைகளின் திசை அந்த ஒரு வாக்கியத்தில் திரும்பிவிட்டது.

பலகையை அவர் செய்த விதத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஜீப்பிலிருந்து கழித்துப்போட்ட ஒட்டுப்பலகை. தேய்ந்துபோன நான்கு பால்பேரிங்குகள். வெறும் இரும்பு சுவரில் வழுக்கியது. மற்றவர்கள் பின்னாளில் அதன்மேல் டியூப் ரப்பரைச் சுற்றினார்கள். மச்சான் மட்டும் சைக்கிள் டயரைப் பட்டையாகக் கத்தரித்து ஒட்டினார். டயரின் வரி சுவரைப் பிடிக்கும் என்பது அவர் கணக்கு. பலகை திரும்ப மறுத்தது. ஒரு வாரம் அதை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஜீப்பின் அடியில் அதிர்வைத் தாங்கப் போடும் பழைய ரப்பர் புஷ் ஒன்றைச் சக்கர அச்சுக்கும் பலகைக்கும் நடுவே வைத்து முடுக்கினார். அதன்பின், எந்தப் பக்கம் உடம்பைச் சாய்த்தாரோ அந்தப் பக்கம் பலகை பணிந்து திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் விடிந்ததும் கிளம்பிவிடுவோம். தோட்ட வேலைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்பில் மச்சானுக்கு எப்போதும் இடம் உண்டு. அவர் கை படாத ஜீப்பு அந்தச் சாலையில் கிடையாது. மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி முதல் வளைவில் வண்டி முனகத் தொடங்கும்போது, மடியில் பலகையை வைத்துக்கொண்டு, சத்தத்தை வைத்தே எது தேய்ந்திருக்கிறது என்று காது கொடுத்துக்கொண்டு வருவார். வளைவுக்கு வளைவு காற்று குளிரும். கீழே போடி ஒரு கைக்குட்டையளவுக்குச் சுருங்கும். மெட்டில் இறங்கித் தேநீர் குடித்து, அங்கிருந்து நடை. சரிவுகளில் ஏலச்செடிகளுக்கு இடையே ஈர மண்ணும் பச்சை ஏலமும் கலந்த மணம். எங்கோ ஏலம் உலர்த்தும் கூடம் ஒன்றில் காய் காய்கிற சூட்டின் வாசம். தொட்டிகளுக்கு நாங்களே பெயர் வைத்திருந்தோம். பாசித்தொட்டி, மொட்டைத்தொட்டி, எல்லாவற்றுக்கும் மேலாகச் சட்டித்தொட்டி. மூலை இருந்தால் சேறு தங்கும் என்று யாரோ ஒரு கொத்தனார், அடியையும் சுவரையும் ஒன்றாக வளைத்து, மண்சட்டியின் உட்புறம்போல வழுவழுவென்று பூசிவிட்டுப் போயிருந்தார். அந்தக் கொத்தனார் யாரென்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் மச்சான் ஒவ்வொரு முறையும் இறங்குமுன் சுவரை உள்ளங்கையால் ஒருதரம் தடவிக் கொடுப்பார்.

எங்களைப் பார்த்து மற்றவர்களும் பலகை கட்டினார்கள். சிலமலை வாலிபர்கள் சிலர். போடிப் பட்டறைகளின் ஆட்கள். மலைக்கு அந்தப் புறத்துத் தோட்டம் ஒன்றில் ஜீப் ஓட்டிய, எல்லோரும் மேட்டுக்காரன் என்று அழைத்த ஒருவன். மூன்று கோடைகளுக்குள் அது போட்டியாகவே ஆகிவிட்டது. போட்டிக்கென்று சில வழக்கங்களும் வந்துவிட்டன. சக்கரங்களுக்கு ஆளுக்கொரு நிறம் பூசவேண்டும். சிலமலைக்காரர்கள் செம்மண் குழம்பு, மேட்டுக்காரன் சுண்ணாம்பு, மச்சான் துரிசு நீலம். ஒவ்வொருவருக்கும் மூன்று இறக்கம். சுவரில் யார் நிறம் உச்சத்தில் பதிகிறதோ அவருக்கு வெற்றி. விளிம்பிலிருந்து கணு கணுவாக அடையாளமிட்ட மூங்கிலைத் தொங்கவிட்டு அளப்போம். தொட்டியில் முன்பு மருந்து கலக்கியிருப்பதால் சுவரில் பழைய தெறிப்புகள் இருக்கும். ஆகவே போட்டிக்கு முன் நடுவர் ஏணி வைத்துத் தொட்டிக்குள் இறங்கி, சுற்றி வந்து, பழைய கறை ஒவ்வொன்றையும் கரித்துண்டால் வட்டமிட வேண்டும். வட்டத்துக்குள் இருப்பது பழையது. வட்டம் இல்லாதது சக்கரத்தின் தடம். எங்கள் சட்டப்புத்தகம் அவ்வளவுதான்.

நடுவர் யார் என்ற கேள்வியே எழவில்லை. தகரப் புனலை வாயில் வைத்துக்கொண்டு ஒரு மலைச்சரிவையே கட்டிப்போடக்கூடிய குரல் வேறு யாருக்கு இருந்தது? நடுவரும் நானே, வருணனையாளனும் நானே. முதல் இரண்டு ஆண்டுகளும் ஒழுங்காக இறங்கி வட்டமிட்டேன் என்பதை என் பக்கத்து நியாயமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

போட்டியின் மூன்றாம் ஆண்டு போடியில் பொருட்காட்சி வந்திருந்தது. அதில் மரணக் கிணறு நடத்தியவர், மரச்சுவரில் மோட்டார் சைக்கிள் சுற்றுமுன் அடிச்சரிவில் பலகை ஓட்டிக் காட்ட ஆள் தேடினார். எங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, போட்டிக்குத் தாமே வருவதாகவும், வெல்கிறவரைத் தம்மோடு அழைத்துப்போவதாகவும் சொல்லியனுப்பினார். மதுரைக்கு அப்பால் ஓர் ஊரையும் பார்த்திராத மச்சான், அன்று மாலை பட்டறையில் ஒரே நட்டை மூன்று முறை முடுக்கியதை நான் கவனித்தேன். ஆனால் அவருடைய அப்பாவுக்கு, அதாவது என் மாமாவுக்கு, மகன் காட்டுக்கு வந்து வெள்ளாமை பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. நான் அருகில் இருக்கும்போதுதான் இருவரும் பேசி முடித்தார்கள்.

"ஜெயிச்சாப் போறேன். தோத்தா வெங்காயத்துக்குத் தண்ணி பாச்ச வர்றேன்" என்றார் மச்சான்.

"சொன்ன சொல்லு மாறக்கூடாது அப்பு" என்றார் மாமா.

ஆகவே, அந்த ஞாயிற்றுக்கிழமை எதன்மேல் நடக்கப்போகிறது என்று தெரியாமல் நான் நடுவராக நிற்கவில்லை. தெரிந்தே நின்றேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் அதுவரை காணாதது. பொருட்காட்சிக்காரருக்கு விளிம்பில் ஒரு நாற்காலி. புது வேட்டி, புதுச் சட்டை, கையில் தகரப் புனல், இவற்றுடன் நான். தொட்டியின் அடியில் முதல்நாள் தூறலில் ஒரு முழ அகலத்துக்குச் சேறு கட்டியிருந்தது. ஏணியைக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் கீழே பார்த்தேன், என் வேட்டியைப் பார்த்தேன். பிறகு விளிம்பைச் சுற்றி ஒருமுறை வேகமாக நடந்து, கண்ணில் பட்ட சில கறைகளுக்கு மட்டும் மேலிருந்தே குனிந்து கரிவட்டம் போட்டுவிட்டு, "சுவரைப் பார்த்தாயிற்று" என்று புனலில் அறிவித்தேன். யாரும் ஐயப்படவில்லை. என் குரலில் ஐயத்துக்கு இடமே இருக்காது.

மேட்டுக்காரன் அன்று அருமையாக ஓட்டினான். அவனுடைய வெள்ளைத்தடம் விளிம்புக்கு ஒரு சாண் கீழே ஏறிவிட்டது. மச்சானின் முதல் இரண்டு இறக்கங்களும் அதற்குக் கீழேயே நின்றன. மூன்றாவதற்கு அவர் பலகையைத் தரையில் வைத்தபோது, கூட்டத்தின் பதற்றத்தை மேலும் ஓர் அங்குலம் உயர்த்தலாம் என்று எனக்குத் தோன்றியது. தொட்டிக்கு முதுகைக் காட்டி, மக்களை நோக்கித் திரும்பி, இடக்கையை உயர்த்தி, ஓர் உவமையைத் தொடங்கினேன். மலை உச்சியைத் தொடப்போகும் மேகத்தைப் பற்றிய உவமை. பின்னால் சக்கரங்களின் உருளல் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, பெருகியது. திடீரென்று ஒரு கணம் அந்தச் சத்தம் அறுந்து, மறுகணம் ஒட்டிக்கொண்டது. கூட்டம் "ஓ" என்றது. நான் திரும்பியபோது மச்சான் அடியில் பலகையை நிறுத்தி இறங்கிக்கொண்டிருந்தார். உவமை முடிந்திருந்தது, இறக்கமும் முடிந்திருந்தது.

சுவரில், விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே, நீலக்கோடு. ஆனால் அவருடைய மற்றத் தடங்களோடு சேராமல், நடுவே வெற்றுச் சுவர் விட்டு, தனியாக. உடனே வாக்குவாதம் மூண்டது.

"சக்கரந்தாண்டா பட்டுச்சு, நாங் கண்ணால பாத்தேன்" என்றார் சிலமலைக்காரர் ஒருவர்.

"ஒங் கண்ணு ஒங்க ஊர்ப் பக்கந்தான பாக்கும். அது போன வருசம் மருந்து கலக்குன தெறிப்பு. கீழ தடமில்லாம மேல மட்டும் எப்படி வரும், பறந்து போயா ஒட்டுச்சு?"

பறந்துதான் போயிருந்தது. சுவர் நிமிர்கிற இடத்தில் பலகை ஒரு கணம் அந்தரத்தில் எழும்பி, ஒற்றைச் சக்கரம் மட்டும் உச்சியில் உரசித் திரும்பியிருந்தது. சத்தம் அறுந்த காரணம் அதுதான். அதைப் பார்த்துச் சொல்லவேண்டிய இரண்டு கண்களும் மக்களுக்கு மேகத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. மேட்டுக்காரனைக் கேட்டார்கள். வெயில் கண்ணில் பட்டதால் தனக்கு அறியாது என்றும், நடுவர் சொன்னால் போதும் என்பதைத் தன் மலையாளத்தில் "சாரு சொன்னா மதி" என்றும் சொல்லி அவன் ஒதுங்கிக்கொண்டான். மச்சானைக் கேட்டேன். தொட்டிக்குள் நின்றபடியே என்னை நிமிர்ந்து பார்த்து, "சுவத்தப் பாரு மாப்ளே" என்றார். அவர் ஏறிவர இறக்கிய ஏணி அவருக்குப் பக்கத்திலேயே சாய்ந்திருந்தது. அதன் காலடியில் சேறு.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நடுவருக்கு மச்சான்ல. அந்த வீட்டுல பொண்ணு வேற இருக்கு. எதிராவா சொல்லிருவாரு?"

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு என்னைச் சுட்ட சூட்டில், சுவரில் இருப்பது என்ன என்ற கேள்வி மறைந்து, நான் எப்படிப்பட்டவன் என்ற கேள்வியே எனக்கு முன்னால் நின்றது. புனலை உயர்த்தினேன். மூன்று நொடி மௌனம் காத்தேன். "அவையோரே! உறவு என் வாசலில் நிற்கலாம். என் தீர்ப்புக்குள் நுழைய முடியாது. இந்தப் பழங்கறைக்கு வட்டமிடத் தவறியது என் பிழை. என் பிழையின் பயனை என் உறவினர் நுகர ஒருபோதும் ஒப்பேன்" என்று முழங்கி, மேட்டுக்காரனுக்கு வெற்றியை அறிவித்தேன். மலை அதிரக் கைதட்டினார்கள். சின்னப் பிழை ஒன்றைப் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டு, பெரிய பிழையை அதன் பின்னால் ஒளித்துவைத்தேன் என்பது அங்கே எவருக்கும் தெரியாது. என் பேச்சு வாழ்க்கையில் அதுவரை வாங்கியவற்றிலெல்லாம் பெரிய கைதட்டல் அது.

திரும்பும் ஜீப்பில் மச்சான் பலகையை மடியில் வைத்துக்கொண்டு வழக்கம்போல வண்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். ஏசுவார் என்று ஒவ்வொரு வளைவிலும் எதிர்பார்த்தேன். முந்தல் நெருங்கும்போது, "நல்லாப் பேசுன மாப்ளே" என்றார். குத்தல் இல்லை, மெய்யாகவே சொன்னார். அடுத்த வாரம் பொருட்காட்சி மேட்டுக்காரனோடு ஊர்விட்டுப் போயிற்று. பலகை பட்டறைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. மச்சான் சிலமலையில் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அவ்வழியே பஸ்சில் போகும்போதெல்லாம் நான் மறுபக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

மறுகோடை மறுபடி தொட்டி வற்றியது. என்னையே நடுவராக அழைத்தார்கள். ஓராண்டுக்குள் என் நடுநிலைமையின் புகழ் மலைக்கு இருபுறமும் பரவியிருந்தது. மச்சான் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்திருந்தார், ஓட்டுவதற்கல்ல, பார்ப்பதற்கு. பொருட்காட்சிச் சீசன் முடிந்து ஊர் திரும்பியிருந்த மேட்டுக்காரனும் விளிம்பில் நின்றான். முந்தின ஆண்டுத் தவறு மறுபடி நிகழக்கூடாது என்று, இம்முறை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரித்துண்டோடு ஏணியில் இறங்கினேன். எல்லாவற்றுக்கும் முதலில் அந்த நீலக்கோட்டுக்குத்தான் வட்டமிட வேண்டும். அதற்காகத்தானே அவ்வளவு பேச்சு. சுவரோடு ஏணியைச் சாய்த்து மேல்படிக்கு ஏறி, ஓராண்டுப் பாசியை வேட்டி நுனியால் துடைத்தேன்.

நீலத்துக்குள் வரிகள் இருந்தன. மீன்முள்போல இருபுறமும் சாய்ந்து, ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக. சைக்கிள் டயரின் வரிகள். அந்த மலையில் டயர் ஒட்டிய பலகை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த டயரை அவர் கத்தரித்தபோது மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவை என் கைகள். விளிம்பிலிருந்து எத்தனை குனிந்தாலும் சுவர் தலைகீழாகச் சாய்ந்தே தெரியும், அந்த வரிகள் கண்ணுக்குப் பிடிபடா. கீழிறங்கி, முகத்தருகே வைத்துப் பார்த்தால் தெரியாமல் இரா. கரித்துண்டு என் விரல்களுக்கிடையே வெகுநேரம் இருந்தது. வட்டமிடாமல் இறங்கினேன்.

தொட்டியின் நடுவில், சேற்றில் நின்று, மேலே பார்த்து, கண்டதை எல்லோருக்கும் சொன்னேன். போன ஆண்டு நான் இறங்கவே இல்லை என்பதையும் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. மேட்டுக்காரன் தலை குனிந்துகொண்டான். மச்சான் விளிம்பில் குந்தி உட்கார்ந்திருந்தார்.

"தெரியும்" என்றார். "அன்னைக்கு நீ எறங்குவேன்னு பாத்துக்கிட்டே நின்னேன்."

வாய் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். என் குரல் மேடைக் குரலாக இல்லை.

"நாஞ் சொன்னா அது எஞ்சொல்லு. நீ பாத்தாத்தான தீர்ப்பு." பிறகு என் இடுப்புக்குக் கீழே பார்த்துவிட்டு, "வேட்டி சேறாப் போச்சு பாரு" என்றார்.

இன்று அந்தத் தோட்டத்தில் மோட்டார் வந்துவிட்டது. சட்டித்தொட்டி எந்தக் கோடையிலும் வற்றுவதில்லை. நீலக்கோடு தண்ணீருக்கடியில், கரிவட்டம் இல்லாமல், அப்படியே கிடக்கிறது. வாலிபர்கள் பலகைகளை எங்கே போட்டார்களோ தெரியாது. மச்சான் நான்கு ஆண்டு வெள்ளாமை பார்த்துவிட்டு, மாமாவின் சம்மதத்தோடு ஒரு ஜீப்பை எடுத்து, மெட்டுச் சாலையில் லோடு ஏற்றி ஓட்டுகிறார். வளைவுகளில் அவர் வண்டியைச் சாய்க்கும் அழகைக் காணும்போதெல்லாம் அந்த மூன்றாவது இறக்கம் என் நினைவுக்கு வருகிறது. அதை நான் பார்க்கவில்லை என்பதும் கூடவே வருகிறது. என்னைப் பட்டிமன்றங்களுக்கு நடுவராக அழைக்கிறார்கள். வேட்டி இன்னும் வெள்ளைதான். எழுந்து தீர்ப்புச் சொல்லும் நேரத்தில் கைதட்டல் எந்தச் சொல்லுக்கு வரும் என்று இன்றும் எனக்குத் தெரியும். அந்தச் சொல்லின் முன்னால் இப்போது சற்று நின்று விடுகிறேன்.

அன்று அந்தத் தொட்டிக்குள் கடைசியாக நான் சொன்னதற்கும் நீங்கள் சாட்சியாக இருங்கள். தகரப் புனல் மேலே விளிம்பில் கிடந்தது. கற்ற தமிழெல்லாம் அந்த நேரத்தில் வாய்க்கு வரவில்லை. வீட்டில் பேசுகிற பேச்சுத்தான் வந்தது. வளைந்த சுவர் என் குரலைச் சுற்றிச் சுற்றி எனக்கே திருப்பித் தந்ததால், சொன்னதை முதலில் கேட்டவனும் நானே.

"மச்சான், இனிமே எந்த மேடையா இருந்தாலும் சரி, எறங்கிப் பாக்காம ஒரு தீர்ப்புச் சொல்ல மாட்டேன்."